பெயர் சென்னை, திடல் மும்பை: ரக்பி லீக்குகள் எதன்மேல் நிற்கின்றன?

கடந்த 2025 ஜூன் 29-ஆம் தேதி மும்பை அந்தேரி விளையாட்டு வளாகத்தில் ஓர் இறுதியாட்டம் நடந்தது. சென்னை புல்ஸ் குழு 41-0 எனும் கணக்கில் டெல்லி ரெட்ஸ் குழுவைத் தோற்கடித்துக் கிண்ணத்தை வென்றது. கிரிக்கெட்டும் இல்லை, கபடியும் இல்லை, விளையாடியது ரக்பி. இந்தியாவில் முதன்முறையாக நடத்தப்பட்ட ரக்பி பிரீமியர் லீக் போட்டியின் முதல் வெற்றியாளர் என்ற பெருமை சென்னையின் பெயருக்குக் கிடைத்தது.

தமிழ் மாணவர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் ஒரு விவரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த லீக்கின் 34 ஆட்டங்களும் மும்பையில் ஒரே திடலில் நடந்தன. சென்னை புல்ஸ் அந்தப் பருவத்தில் சென்னையில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. தன் ஊரிலேயே விளையாடாத ஒரு குழு அந்த ஊரின் குழுவாகுமா? அடுத்த ஆண்டு முதலாளி மனம் மாறினால், அதைக் காப்பாற்ற ஊரில் யார் இருப்பார்கள்?

இந்தக் கேள்வி இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. உலகெங்கும் தொழில்முறை ரக்பி லீக்குகள் இன்று இதே கேள்வியைத்தான் எதிர்கொள்கின்றன. மலேசியாவின் பெயரையும் ஒரு தொழில்முறை ரக்பி குழு சில காலம் சுமந்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

முப்பது வயதே ஆன தொழில்

ரக்பியைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்தவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பதே இந்த ஆட்டம். முழு ஆட்டத்தில் பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிடம். ஒலிம்பிக்கில் நாம் பார்ப்பது 7 பேர் ஆடும் வகை. அது வெறும் 14 நிமிடம். இரண்டுக்கும் இடையில் 10 பேர் ஆடும் ஒரு வகை உண்டு. அது பிறந்த இடம் நம் மலேசியா. நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் ஏற்றதாக, 1960-களின் பிற்பகுதியில் பெட்டாலிங் ஜெயாவின் கோப்ரா கிளப் உருவாக்கிய யோசனை அது. இன்று ஹாங்காங் உட்படப் பல இடங்களில் அதை ஆடுகிறார்கள்.

இங்கிலாந்தில் காற்பந்து விளையாடுவோர் சம்பளம் வாங்கலாம் என்று 1885-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. 15 பேர் ஆடும் ரக்பிக்கு அந்த அனுமதி 1995 ஆகஸ்ட் 26-இல்தான் வந்தது. அதுவரை விளையாடுவதற்குப் பணம் வாங்குவது குற்றம். நாட்டுக்காக ஆடியவர்கள்கூட மருத்துவராகவோ, விவசாயியாகவோ, போலீஸ்காரராகவோ வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்கள்.

காற்பந்து 110 ஆண்டுகள் முன்னால் தொடங்கிய ஓட்டத்தை ரக்பி நேற்றுத்தான் தொடங்கியிருக்கிறது. கிளப்புகளின் திடல்களும் உறுப்பினர்களும் பழையவை. சம்பளப் பட்டியல் மட்டும் புதியது. இன்றைய சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் முளைக்கின்றன.

நான்கு வகை வீடுகள்

தொழில்முறை ரக்பி லீக்குகளைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை ஏணி. பிரான்சின் டாப் 14 லீக்கில் 14 கிளப்புகள், அதற்குக் கீழே புரோ டி2 பிரிவில் 16 கிளப்புகள். மேல் பிரிவில் கடைசி இடம் பிடிக்கும் கிளப் நேராகக் கீழே இறங்கும். 13-வது இடத்தில் முடிக்கும் கிளப், தன் இடத்தைக் காக்கக் கீழ்ப்பிரிவுக் குழு ஒன்றுடன் மோத வேண்டும். அதனால் பருவத்தின் கடைசி வாரம்வரை எல்லா ஆட்டத்துக்கும் மதிப்பு உண்டு. காஸ்ட்ர் என்ற ஊரில் சுமார் 40 ஆயிரம் பேர்தான் வாழ்கிறார்கள். நான் படிக்கும் ஸ்கூடாயைவிட மிகச் சிறிய ஊர். அந்த ஊரின் கிளப் 2013-லும் 2018-லும் பிரான்சின் சாம்பியன் ஆனது. பின்னால் ஒரு மருந்து நிறுவனத்தின் பண பலம் இருந்தது உண்மை. ஊர் மக்களும் திடலுக்கு வந்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

இரண்டாவது வகையில் தேசிய ரக்பி சங்கமே குழுக்களை நடத்துகிறது. அயர்லாந்தின் லென்ஸ்டர், மன்ஸ்டர், அல்ஸ்டர், கொனாக்ட் ஆகிய நான்கும் தனியார் கிளப்புகள் அல்ல, மாகாணக் குழுக்கள். முன்னணி ஆட்டக்காரர்கள் சிலருக்குச் சங்கமே நேரடியாகச் சம்பளம் தருகிறது. யாருக்கு எப்போது ஓய்வு தருவது என்பதிலும் சங்கத்துக்குப் பங்கு உண்டு. இந்த நான்கும் வேல்ஸ், ஸ்காட்லாந்து, இத்தாலி, தென்னாப்பிரிக்கக் குழுக்களோடு சேர்ந்து, ஐந்து நாடுகள், 16 குழுக்கள் கொண்ட ஐக்கிய ரக்பி சாம்பியன்ஷிப்பில் ஆடுகின்றன. இதில் ஏற்றமும் இல்லை, தரமிறக்கமும் இல்லை.

மூன்றாவது வகை நிறுவனக் குழுக்கள். ஜப்பானில் 2022 ஜனவரியில் தொடங்கிய லீக் ஒன் மூன்று பிரிவுகளைக் கொண்டது. தோஷிபா, பானசோனிக், சன்டோரி, குபோத்தா போன்ற நிறுவனங்களே குழுக்களை வைத்திருக்கின்றன. முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு அந்த நிறுவனங்களின் ஊழியர்களும் ஒரே குழுவில் ஆடுகிறார்கள். பல்கலைக்கழக ரக்பியில் மின்னியவர் பட்டம் பெற்றதும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறார். ஆட்டம் முடிந்த பிறகும் அவருக்கு வேலை இருக்கிறது. 2024 இறுதியாட்டத்தைத் தோக்கியோ தேசிய அரங்கில் 56 ஆயிரத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். ஆனால் இங்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. நிறுவனம் கணக்கைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தால் குழு கலைந்துவிடும். கொக்கா-கோலா ரெட் ஸ்பார்க்ஸ் 2021-லும், சானிக்ஸ் புளூஸ் 2022-லும் அப்படித்தான் மறைந்தன.

நான்காவது வகை ஐ.பி.எல். ரசிகர்களுக்கு நன்கு தெரிந்த ஃபிரான்சைஸ் முறை. ஊர்ப் பெயரைச் சூட்டிக் குழுக்களை விற்பார்கள். விலை கொடுத்தவர் உள்ளே, மற்றவர் வெளியே. இறங்கும் பயமும் இல்லை, ஏறும் வழியும் இல்லை. இந்தியாவின் ரக்பி பிரீமியர் லீக் இந்த வகைதான். ஆறு குழுக்கள், 7 பேர் ஆடும் ரக்பி, நான்கு நிமிடமாக நான்கு கால்பகுதிகள். உலகத் தரத்திலான வெளிநாட்டு ஆட்டக்காரர்களோடு இந்திய இளைஞர்கள் தோளோடு தோள் நின்று பயிற்சி செய்தது அதன் பெரிய நன்மை. வேறெந்த வழியிலும் இரண்டே வாரத்தில் அந்த அனுபவம் அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

மூன்று கிளப்புகள், ஒன்பது மாதங்கள்

பணம் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் இங்கிலாந்தைப் பார்க்க வேண்டும். அங்குள்ள பிரீமியர்ஷிப்பில் 2022-23 பருவம் 13 கிளப்புகளோடு தொடங்கியது. 2022 செப்டம்பரில் வொர்செஸ்டர் வாரியர்ஸ் திவால் நிலைக்குப் போனது. அடுத்த மாதமே வாஸ்ப்ஸ். 2023 ஜூனில் லண்டன் ஐரிஷ். ஒன்பதே மாதங்களில் மூன்று கிளப்புகள் காணாமல் போக, அடுத்த பருவம் பத்துக் கிளப்புகளோடு தொடங்கியது.

இவற்றில் வாஸ்ப்ஸின் கதை நமக்கு நல்ல பாடம். 1867-இல் தோன்றிய லண்டன் கிளப் அது. 2004-லும் 2007-லும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. சொந்தமாகப் பெரிய அரங்கம் வேண்டும் என்று 2014-இன் இறுதியில் தொலைவில் உள்ள கொவென்ட்ரி நகருக்கு இடம் மாறியது. அந்த அரங்கக் கடனுக்காகப் பொதுமக்களுக்குக் கடன் பத்திரங்களை விற்று 3 கோடியே 50 லட்சம் பவுன் திரட்டியது. பத்திரப் பணத்தைத் திருப்பித் தர வேண்டிய நாள் வந்தபோது பணம் இல்லை. பழைய ஊரின் ரசிகர்களை விட்டு வந்தாயிற்று; புதிய ஊரில் வேர் ஆழமாக இறங்கவில்லை. 155 ஆண்டு வரலாறு சில வாரங்களில் முடங்கிப்போனது.

கட்டுப்பாடு இல்லாமலும் இல்லை. ஒரு கிளப் இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்ற உச்சவரம்பு அங்கே 1999 முதல் இருக்கிறது. இப்போது அது 64 லட்சம் பவுன். அந்த வரம்பை மீறிய சாரசென்ஸ் கிளப்புக்கு 2019-இல் 35 புள்ளிகள் கழிக்கப்பட்டன. 53 லட்சத்து 60 ஆயிரம் பவுன் அபராதமும் விழுந்தது. பருவ முடிவில் கீழ்ப்பிரிவுக்கும் இறக்கப்பட்டது. விதி வேலை செய்தது. ஆனால் உச்சவரம்பு என்பது செலவின் கூரை மட்டுமே. வரவு எவ்வளவு என்று அது கேட்பதில்லை. வருமானம் குறைந்த கிளப்பும் பணக்காரக் கிளப்போடு போட்டி போட்டுக் கூரை வரை செலவழித்தால், மீதியை முதலாளியின் பையிலிருந்துதான் எடுக்க வேண்டும். கோவிட் காலத்தில் திடல்கள் மூடியபோது அந்தப் பையும் காலியானது.

ஏணியின் கீழ்ப்படியும் அங்கே உளுத்துப்போயிருந்தது. ஜெர்சி ரெட்ஸ் என்ற கிளப் 2022-23 பருவத்தில் இரண்டாம் பிரிவின் சாம்பியன். ஆனால் மேலே உயரவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பணமின்றி மூடப்பட்டது.

பிரான்சு ஏன் இப்படி ஆகவில்லை? அங்கே டாப் 14 ஒளிபரப்பு உரிமைக்குக் கனால் பிளஸ் தொலைக்காட்சி ஆண்டுக்கு 10 கோடி யூரோவுக்கும் மேல் தருகிறது. மேலும், உள்நாட்டில் பயிற்சி பெற்று வளர்ந்த ஆட்டக்காரர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் குழுவில் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. வெளிநாட்டு நட்சத்திரங்களை மட்டும் வாங்கிக் குவிக்க முடியாது. ஊர்ப் பிள்ளைகளை வளர்த்தே ஆக வேண்டும்.

நம் வாசலுக்கு வந்துபோனவை

ஐரோப்பா தொலைவு என்று நினைக்க வேண்டாம். ஜொகூர் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர் தேசிய அரங்கம். 2016-இல் தென்கோளத்தின் சூப்பர் ரக்பி லீக்கில் ஜப்பானின் சன்வோல்வ்ஸ் குழு சேர்க்கப்பட்டபோது, அதன் சொந்தத் திடல்களில் ஒன்றாக அந்த அரங்கம் ஆனது. ஆசியாவுக்கே ஒரு கதவு திறந்தது போலிருந்தது. ஆனால் தோக்கியோவின் குழுவுக்காகச் சிங்கப்பூரில் எத்தனை பேர் உயிரைக் கொடுத்து ஆர்ப்பரிப்பார்கள்? குழுவும் அதிகம் தோற்றது. தொடர்ந்து நடத்துவதற்கான நிதிப் பொறுப்பை ஜப்பானிய ரக்பி சங்கம் ஏற்க முன்வரவில்லை. 2020 பருவத்தோடு சன்வோல்வ்ஸ் முடிந்துபோனது.

இனி, முன்பு சொன்ன மலேசியக் குழுவுக்கு வருவோம். சூப்பர் ரக்பியிலிருந்து 2017-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் வெஸ்டர்ன் ஃபோர்ஸ் குழு நீக்கப்பட்டது. கோபமடைந்த சுரங்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ ஃபாரஸ்ட், தம் பணத்தில் குளோபல் ரேப்பிட் ரக்பி என்ற புதிய போட்டியை உருவாக்கினார். ஃபிஜி, சாமோவா, சீனா, ஹாங்காங் பெயர்களோடு, 2020-இல் சேர்ந்த ஆறு குழுக்களில் ஒன்றின் பெயர் மலேசியா வால்கே. வால்கே என்பது தென்னாப்பிரிக்காவில் ஏற்கெனவே இருந்த ஒரு குழு. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அங்கிருந்து வந்தவர்கள். பெயரின் முன்பாதி மட்டும் நம்முடையது. மார்ச் மாதம் ஒரே ஒரு சுற்று நடந்தது. கோவிட் வந்தது. போட்டி அதன்பின் எழவே இல்லை.

தொற்றுநோய் யாருடைய தவறும் இல்லை. ஆனால் டாப் 14 மீண்டும் எழுந்தது, ஜப்பான் லீக் எழுந்தது. குளோபல் ரேப்பிட் ரக்பி மட்டும் ஏன் எழவில்லை? மலேசியா வால்கே காணாமல் போனபோது இங்கே யாரும் அழவில்லை என்பதில் விடை இருக்கிறது. நம் பள்ளியில் படித்தவர், நம் தாமானில் வளர்ந்தவர் என்று சொல்லிக்கொள்ள அதில் நமக்கு எவரும் இல்லை.

நம்மிடம் என்ன இருக்கிறது?

மலேசியாவுக்கு ரக்பி புதிதல்ல. 1921-இல் இங்கு வந்த எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பலின் மாலுமிகள் இரண்டு கிண்ணங்களை அன்பளிப்பாகத் தந்தார்கள். ஒன்று காற்பந்துக்கு, மற்றொன்று ரக்பிக்கு. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில்தான் 7 பேர் ஆடும் ரக்பி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஜோனா லோமு பெட்டாலிங் ஜெயாவில் ஆடித் தங்கம் வென்றார். 2017 கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் நம் ஆண்கள் குழு தங்கம் வென்றது. 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் ஆசியாவின் முதல் பிரிவில் ஹாங்காங், தென்கொரியாவோடு மோதினோம்.

மாநிலங்களுக்கு இடையிலான போட்டி, கிளப் லீக், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மாசும் போட்டி, விடுதிப் பள்ளிகளின் போட்டிகள் என்று அடித்தளம் இருக்கிறது. இராணுவம், போலீஸ், கோலாலம்பூர் மாநகர் மன்றம் ஆகியவை ரக்பி குழுக்களை வைத்திருக்கின்றன. யோசித்துப் பார்த்தால் இது ஜப்பானின் நிறுவன முறைக்கு மிக நெருங்கிய உறவு. வேலையும் ஆட்டமும் சேர்ந்தே இருக்கும் முறை நமக்குப் பழக்கமானது. முழுநேரச் சம்பளத்தில் ரக்பி ஆட்டக்காரர் வாழும் லீக்தான் நம்மிடம் இன்னும் இல்லை.

பலவீனமும் தெரிகிறது. ரக்பி பெரும்பாலும் விடுதிப் பள்ளிகளுக்குள்ளும் சீருடைப் பணிகளுக்குள்ளும் சுற்றிவருகிறது. தமிழ்ப்பள்ளித் திடல்களில் அந்த முட்டைப் பந்தைப் பார்ப்பது அரிது. இடைநிலைப்பள்ளிக்கு வந்து, புறப்பாடத்தில் தற்செயலாகச் சேர்ந்தால்தான் நம் பிள்ளைகளுக்கு அறிமுகம். இதே நேரத்தில் இலங்கையைப் பாருங்கள். அங்கும் இராணுவம், கடற்படை, போலீஸ் குழுக்கள் கண்டி, ஹெவ்லொக் போன்ற பழைய கிளப்புகளோடு மோதுகின்றன. ஆனால் உண்மையான கூட்டம் பள்ளி ஆட்டங்களுக்குத்தான். கொழும்பு ரோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் மோதும் பிராட்பி கேடயம் 1945 முதல் நடக்கிறது. ஆட்டக்காரர் கிளப்புக்கு வரும்போதே அவருக்கென்று ரசிகர்கள் இருக்கிறார்கள்.

நம் ஜொகூரிலேயே இன்னொரு பாடம் உண்டு. ஜே.டி.தி. காற்பந்துக் கிளப்புக்குச் சொந்த அரங்கம், இளையோர் பயிற்சி, ஊர்ப் பற்று எல்லாம் இருக்கின்றன. 2014 முதல் மலேசிய சூப்பர் லீக்கை ஒவ்வோர் ஆண்டும் வென்றுவருகிறது. அதே லீக்கில் வேறு சில கிளப்புகள் சம்பளப் பாக்கியால் தள்ளாடி, உரிமத்தையே இழந்தன. ஒரு கிளப் மட்டும் வலுவாக இருந்தால் அது லீக் ஆகாது. எதிரே நின்று மோத ஆளும் வேண்டும்.

நாளை எந்தப் பக்கம்?

உலகில் இப்போது இரண்டு திசைகளில் இழுபறி நடக்கிறது. ஒரு பக்கம் ஆர்360 என்ற புதிய திட்டம். பெருநகரப் பெயர்களோடு குழுக்கள், ஊர் ஊராகச் சுற்றும் ஆட்டங்கள், பெரிய சம்பளம். அதில் சேர்பவர்களுக்கு நாட்டுக்காக ஆட இடமில்லை என்று 2025 அக்டோபரில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, பிரான்சு உட்பட எட்டு நாடுகளின் சங்கங்கள் எச்சரித்தன. அடுத்த மாதமே, தொடக்கத்தை 2026-இலிருந்து 2028-க்குத் தள்ளிவைத்தார்கள். மறுபக்கம், அதே ஆண்டு செப்டம்பரில் மகளிர் உலகக் கிண்ண இறுதியாட்டத்தைக் காண லண்டனில் 81,885 பேர் கூடினார்கள். மகளிர் ஆட்டத்தை நம்பிக் கிளப்புகளும் சங்கங்களும் பல ஆண்டுகள் பொறுமையாக உழைத்ததன் பலன் அது.

மலேசியாவில் நாளை யாராவது தொழில்முறை ரக்பி லீக் தொடங்கினால் நாம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். குழு தன் பெயரில் உள்ள ஊரில் ஆடுமா? கீழே இருக்கும் பல்கலைக்கழகக் குழுவும் பள்ளிக் குழுவும் மேலே வர வழி உண்டா? முதலாளி போனாலும் அந்தப் பருவத்தின் சம்பளம் கைக்கு வருமா? மூன்றுக்கும் ஆம் என்றால் நம்பலாம். ஒன்றுக்குக்கூட விடை தெளிவாக இல்லை என்றால், அது இன்னொரு மலேசியா வால்கேதான்.

என் கருத்தில் நமக்கு ஏற்ற முதல் படி ஃபிரான்சைஸ் அல்ல. ஏற்கெனவே இருக்கும் பல்கலைக்கழகக் குழுக்கள், பணியிடக் குழுக்கள், கிளப்புகள் ஆகியவற்றை ஒரே நாள்காட்டியில் கட்டி, ஒவ்வொன்றும் சொந்த ஊரில் ஆடும் பகுதிநேரச் சம்பள லீக் போதும். நாமே உலகுக்குத் தந்த 10 பேர் ஆட்டத்தையும் அதில் சேர்க்கலாம். செலவு குறைவு, நம் வெயிலுக்கும் பொருந்தும். கூடவே, இடுப்பில் கட்டிய பட்டையை உருவினாலே போதும், ஆளைத் தள்ளி வீழ்த்த வேண்டாம் என்ற டேக் ரக்பியைத் தமிழ்ப்பள்ளிகளில் அறிமுகப்படுத்தலாம். ஒரு பந்தும் சில துணிப்பட்டைகளும்தான் மூலதனம். பெண் பிள்ளைகளும் சேர்ந்து ஆடலாம்.

படிவம் நான்கிலும் ஐந்திலும் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ரக்பியில் ஆர்வம் இருந்தால் தயங்காமல் சேருங்கள். ஆனால் எஸ்.பி.எம்.மையும் விடாதீர்கள். இங்கிலாந்தின் மூன்று கிளப்புகள் மூடியபோது உலகத் தர ஆட்டக்காரர்களே ஒரே நாளில் வேலையிழந்தார்கள். 2003-இல் உலகக் கிண்ணம் வென்ற இங்கிலாந்தின் ஸ்டீவ் தாம்சன், தலையில் பட்ட அடிகளால் நாற்பதுகளிலேயே நினைவிழப்பு நோய்க்கு ஆளாகி, அந்த இறுதியாட்டமே தமக்கு நினைவில்லை என்கிறார். தலையில் அடிபட்டால் பயிற்றுநரிடம் உடனே சொல்லுங்கள். மருத்துவர் சரி என்னும்வரை திடலுக்குத் திரும்பாதீர்கள்.

விளையாடாதவர்களுக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு. நடுவர், உடற்பயிற்சி நிபுணர், காயச் சிகிச்சையாளர், கணக்காளர், வர்ணனையாளர் என்று ஒரு லீக்குக்குப் பலர் தேவை. மூடிப்போன கிளப்புகளின் கதையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அவற்றுக்கு நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், கணக்கு உதைத்தது. இன்று வணிகமும் கணக்கியலும் படிக்கும் நம் மாணவர்களில் ஒருவர் நாளை ஒரு கிளப்பின் வரவு செலவை ஒழுங்காக எழுதினால், அதுவும் ரக்பிக்குச் செய்யும் பெரிய உதவிதான்.